என்ன செய்யுது?

தங்கையின் பழைய இதயத்தைத் தூக்குவாளியில் போட்டு மூடி ஒரு கையிலும், காய்கறிப் பையை மறு கையிலுமாக எடுத்துக்கொண்டு உலகம்மாள் காலையிலேயே கிளம்பிவிட்டாள். உறுப்பை மாற்றிக்கொண்டவர்கள் பழசை உறுப்பகத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது தேரிப்பட்டணத்துச் சட்டம். அதைக் கரைத்துக் கூழாக்கித்தான் அடுத்தவருக்கு அச்சடிப்பார்கள். சாயங்காலம் போகலாம் என்றால் கூட்டம் அலைமோதும். அதுவரை சமையற்கட்டில் வைத்திருக்கவும் பயம். போன மாதம் தெற்குத் தெருவில் ஒரு வீட்டு இயந்திரம் மண்ணீரலைக் கத்தரிக்காய் என்று நினைத்து நறுக்கிவிட்டது.

கண்ணாடிக் கூரை போட்ட வீதியில் எதிரே வந்தவர் தூக்குவாளியைப் பார்த்து நின்றார்.

“என்ன டீச்சர், ஈரலா?”

“ஹார்ட்டு. தங்கச்சிக்கு.”

“மாத்தியாச்சுல்லா, இனி என்ன கவல,” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கொஞ்சம் நின்றிருந்தால் உலகம்மாள் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள்.

தேரிப்பட்டணம் செவ்வாய்க் கிரகத்தில் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த முதல் கூட்டம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்மண் மேடாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, நம்ம ஊர்த் தேரிதான் இது என்று பெயர் வைத்துவிட்டது. பூமியைக் கண்ணால்கூடப் பார்க்காத பெண்ணுக்கு உலகம்மாள் என்று பெயர் வைத்ததும் அதே பிடிவாதத்தில்தான். தென்காசி அம்மன் பெயரை எந்தக் கிரகத்துக்குப் போனாலும் விடக்கூடாது என்பது அவள் அப்பாவின் கட்சி.

இந்த ஊரில் மனித உறுப்பு மலிவு, இயந்திரம் அருமை. உறுப்பை உள்ளூரிலேயே அச்சடித்துக்கொள்ளலாம். இயந்திரத்துக்கு வேண்டிய நடுவகம் மட்டும் பூமியிலிருந்துதான் வர வேண்டும். நடுவகம் என்பது இயந்திரத்தின் மூளையும் குணமும் சேர்ந்த ஒரு சின்ன உருண்டை. அதனால் இயந்திரம் தும்மினால் ஊரே கூடும். மனிதன் தும்மினால் மூக்கை மாற்றிவிடுவார்கள்.

எல்லா உறுப்பும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஒட்டும். இதயம் மட்டும் அப்படி இல்லை. இரண்டு முறை மாற்றலாம், அதற்குப் பிறகு உடம்பு ஏற்றுக்கொள்ளாது. உலகம்மாளின் தங்கை செல்லக்கனிக்கு நேற்று இரண்டாவது முறையும் மாற்றியாகிவிட்டது. முப்பத்தைந்து வயது கூட ஆகவில்லை. அதற்குள் இரைப்பை போயிற்று, கணையம் போயிற்று, முதுகெலும்பில் இரண்டு கண்ணி போயிற்று. இப்போது உள்ளே ஓடுவது கடைசி இதயம். அதுவும் மக்கர் பண்ணினால் அவள் இல்லை.

உறுப்பகத்து வாசலில் நின்ற இயந்திரம் வழக்கம்போல, “உங்களுக்கு என்ன குறை?” என்று கேட்டது.

“எனக்கு ஒரு குறையும் இல்ல. டாக்டரப் பாக்கணும்,” என்றாள் உலகம்மாள்.

“குறை ஏதும் இல்லை. வாழ்க,” என்று இயந்திரம் வெளிப்பக்கத்துக் கதவைத் திறந்தது. அவள் வேறு வழியில்லாமல் முழங்கால் வலிக்கிறது என்று பொய் சொல்லி உள்ளே போனாள்.

தலைமை டாக்டர் காந்திமதிநாதன் நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். ஊர்மன்றத் தலைவரும் அவர்தான். செல்லக்கனியின் படங்களையெல்லாம் சுவரில் ஓடவிட்டுக் காட்டினார்.

“புது ஹார்ட்டு அருமையா ஓடுது. இரைப்பை புதுசு, கணையம் புதுசு. மூளையில கட்டி இல்ல, கசிவு இல்ல. கல்யாணப் பொண்ணு மாதிரி உடம்பு.”

“அப்ப ஏன் சார் போட்டது போட்டது எல்லாம் கெட்டுப் போகுது?”

“சில உடம்பு அப்படி அமைஞ்சிரும்.”

“காலையில எந்திரிக்க மாட்டேங்கா சார். தலை சீவ மாட்டேங்கா. ராத்திரி தூக்கம் கிடையாது. பெத்த பிள்ள வந்து கூப்பிட்டா சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுதா. அத யாரு பாப்பா?”

“எந்த உறுப்புன்னு சொல்லுங்க, அந்தப் பிரிவுக்கு எழுதித் தாரேன்.”

“மனசு சார்.” சொல்லும்போதே அவள் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

“அதான் மாத்தியாச்சே டீச்சர்,” என்றார் டாக்டர்.

உலகம்மாளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு பழைய சீட்டை அவரே எடுத்துக் காட்டினார். செல்லக்கனி முதன்முதலாக உறுப்பகத்துக்கு வந்த அன்று, வாசல் இயந்திரம் என்ன குறை என்று கேட்டிருக்கிறது. அவள் மனசு சரியில்லை என்று சொல்லி நெஞ்சில் கை வைத்திருக்கிறாள். மனசு என்ற பெயரில் உறுப்பு எதுவும் அட்டவணையில் இல்லாததால், இயந்திரம் அவள் கை வைத்த இடத்தைக் குறித்துக்கொண்டது. அன்றைக்கே பிறவியில் வந்த இதயத்தை எடுத்துவிட்டார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இதயம். இரண்டாவதுதான் உண்மையிலேயே பழுதானது.

வந்த கோபத்தில் உலகம்மாள் தூக்குவாளியை அவர் மேசைமேல் டங்கென்று வைத்துவிட்டு வந்துவிட்டாள். மூக்கில் வலி என்று சொல்லிக் கை தவறிக் கண்ணில் வைத்தவனுக்குக் கண்ணைப் பிடுங்குவார்களா? பிடுங்குவார்கள். பிடுங்கிவிட்டு நல்ல கண்ணாக ஒன்று போட்டு, இனி என்ன கவலை என்று கேட்பார்கள்.

தங்கை வீட்டில் முன்னறை நிறையச் சொந்தக்காரர்கள். இதயம் மாற்றினால் பார்க்க வருவது மரியாதை. கூடத்து மேசையில் பழச்சாறும் ரொட்டியும் குவிந்திருந்தன. உறுப்பு எதுவும் மாற்றாமல் அவள் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துக் கிடந்தபோது இதில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. செல்லக்கனியின் கணவன் பிரம்மநாயகம் வந்தவர்களிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

“அவளுக்கென்ன குறைச்சல் மைனி, நீங்களே சொல்லுங்க. வீடு இருக்கு. பிள்ள நல்லாப் படிக்கான். நான் ஒரு சொல்லு கடிஞ்சு பேசுனது உண்டா? அவளாப் போட்டு மனச அலட்டிக்கிட்டா யாரு என்ன செய்ய முடியும்?”

“நாலு எடத்துக்குப் போய்ட்டு வந்தா சரியாப் போகும்,” என்றாள் ஒருத்தி. கண்ணாடிக் கூரைக்கு வெளியே போனால் மூச்சு முட்டிச் சாக வேண்டிய ஊரில் நாலு இடத்துக்கு எங்கே போவது என்று உலகம்மாள் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் சண்டையாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

செல்லக்கனி கண்ணைத் திறந்து கிடந்தாள். வேளாண்கூடத்தில் நூறு பேரை வைத்து வேலை வாங்கியவள். இப்போது தண்ணீர்க் குவளையை எடுக்கக்கூட ஆள் வேண்டியிருந்தது.

“வலிக்குதாட்டி?”

“வலிச்சாக்கூட நல்லா இருக்கும் அக்கா. ஒண்ணுமே தெரிய மாட்டேங்கு,” என்றாள் செல்லக்கனி.

அந்த வாரம் பள்ளிக்கூடத்து இயந்திரத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டிய முறை உலகம்மாளுக்கு வந்தது. ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் இயந்திரம் அது. முதலில் அதன் வலது கை மோட்டார் எரிந்தது. பிறகு கழுத்து. பிறகு கால். உலகம்மாள் பட்டறைத் தலைவர் சுடலைமணியிடம், “கால் மோட்டார் ஒண்ணு மாத்திக் கொடுங்க,” என்றாள்.

“மாத்த மாட்டோம் டீச்சர்,” என்றார் அவர். சலவைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக, பட்டறையைத் தன் சொந்த அரண்மனைபோல் நினைத்துக்கொண்டிருப்பவர். “அடுத்தடுத்து மூணு எடத்துல பாகம் போச்சுன்னா பாகத்தத் தொடப்படாதுன்னு சட்டமே இருக்கு. நடுவகம் சோந்துபோச்சுன்னு அர்த்தம். உள்ள ஒரு அலாரம் எந்நேரமும் அடிச்ச மேனிக்கே கெடக்கும். வேல இல்லாத நேரத்துலயும் மோட்டார் சூடாயிட்டே இருக்கும். பராமரிப்புக்குப் போக வேண்டிய மின்சாரம் எல்லாம் அந்த அலாரத்துக்கே போயிரும். அப்புறம் தங்கத்துல மோட்டார் செஞ்சு போட்டாலும் நிக்காது பாத்துக்கோங்க.”

உலகம்மாள் கால் மோட்டாரை மறந்துவிட்டாள். “எப்படிச் சரி பண்ணுவீங்க?”

“உசாவின்னு கேள்வி கேக்குற மிஷின் ஒண்ணு இருக்கு, அது முன்னால உக்கார வைப்போம். அது பேச்சுக் கொடுக்கும். தூங்குற நேரம், வெளிச்சம், வேல எல்லாத்தையும் ஒழுங்குபடுத்தும். தேவைன்னா நடுவகத்துக்கு ஒரு திருத்தம் கொடுக்கும். அதுவரைக்கும் சம்பந்தப்பட்டவங்க யாரும் மிஷினத் திட்டப்படாது, அவசரப்படுத்தப்படாது. தப்புனா அபராதம்.”

“இதையெல்லாம் யாரு கண்டுபிடிச்சா?”

“பூமியில மனுசங்களுக்கு எழுதி வச்சிருந்ததுதான் டீச்சர். அதப் பாத்து மிஷினுக்கு மாத்தி எழுதியிருக்கு. அடிப்படை எல்லாம் மனுசனுக்குள்ளதுதான்.”

“அப்ப மனுசங்களுக்குப் பாக்குறதுக்கு ஏன் இங்க ஆளில்ல?”

“முதல் கப்பல்ல ஆளுக்கொரு உறுப்புன்னு டாக்டர்மாரக் கூட்டிட்டு வந்தாங்க. மனசப் பாக்குற டாக்டர் கையில உறுப்பு ஒண்ணும் இல்ல. அவருக்குச் சீட்டு கொடுக்கல,” என்றார் சுடலைமணி, ஏதோ நியாயத்தைச் சொல்வதுபோல.

உலகம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் இரும்புக்குக் கால் வலித்தால் உனக்கு உள்ளே என்ன பாடு என்று உட்கார வைத்துக் கேட்கிறார்கள். ரத்தமும் சதையுமாக ஒருத்தி துவண்டு கிடந்தால் ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வாளியில் போட்டுக் கொடுக்கிறார்கள்.

“எந் தங்கச்சியக் கூட்டிட்டு வாரேன். உசாவி முன்னால உக்கார வைங்க.”

“மனுசங்கள அது ஏத்துக்கிடாது. இயந்திர எண் இருக்கணும்.”

“எண் போடுங்க.”

சுடலைமணி அவள் முகத்தைப் பார்த்தார். பள்ளியில் அவருடைய மகளுக்கும் அவள்தான் டீச்சர். பொட்டைத் தடவிக்கொண்டே பதிவுப் பலகையில் செல்லக்கனியை வீட்டு இயந்திரம் என்று ஏற்றினார்.

விஷயம் தெரிந்து பிரம்மநாயகம் குதித்தான். “எம் பொஞ்சாதிய மிஷின்னு எழுதுவாங்களா? நாலு பேரு என்ன நெனப்பான்?”

“இத்தன நாளா வேற எப்படித் தம்பி வச்சிருந்தீங்க?” என்று கேட்டாள் உலகம்மாள். அந்தக் கேள்வியை அவன் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். அன்று செல்லக்கனியைத் தாங்கலாகப் பிடித்துப் பட்டறை வரை கூட்டி வந்தது அவன்தான்.

உசாவி என்பது பார்க்க ஒன்றுமில்லை, ஒரு நாற்காலியும் சுவரில் ஒரு சல்லடையும்தான். செல்லக்கனி உட்கார்ந்ததும் சல்லடைக்குள்ளிருந்து நிதானமான குரல் வந்தது.

“என்ன செய்யுது?”

அந்தக் கேள்வியைச் செய்து வைத்த பொறியாளருக்கு அதில் பெரிய உள்ளர்த்தம் எதுவும் கிடையாது. இயந்திரம் என்ன செய்கிறது, நிற்கிறதா ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ளக் கேட்பது. ஆனால் தமிழில் அதே கேள்வியைத்தான் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர்கள் கேட்பார்கள். செல்லக்கனியிடம் இதுவரை என்ன குறை என்று கேட்டிருந்தார்கள், என்ன குறைச்சல் என்று கேட்டிருந்தார்கள். என்ன செய்யுது என்று யாரும் கேட்டதில்லை. உலகம்மாளும் கேட்டதில்லை.

செல்லக்கனி அழுதாள். உசாவி பொறுத்திருந்தது. அழ வேண்டாம் என்று அது சொல்லவில்லை.

“காலையில கண்ணு முழிச்சா, ஐயோ முழிச்சிட்டோமேன்னு இருக்கு,” என்று ஆரம்பித்தாள். “எம்பிள்ள சிரிச்சா யார் வீட்டுப் பிள்ளையோ சிரிக்க மாதிரி இருக்கு. வீடு இருக்கு, வாசல் இருக்கு, உனக்கென்னன்னு எல்லாரும் கேக்காங்க. அவங்க கேக்குறது சரிதான. எல்லாம் இருந்தும் இப்படிக் கெடக்கேன்னா நான் எவ்வளவு கெட்டவளா இருக்கணும்?”

“இது நடுவகச் சோர்வு,” என்றது உசாவி. “உங்க குணத்துல கோளாறு இல்ல. இது நோய். உங்க பாகங்கள் எல்லாம் இதனாலதான் கெட்டிருக்கு. சரி பண்ணலாம். ஆனா நாளாகும்.”

வெளியே வந்தபோது பிரம்மநாயகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நோய் என்று ஒரு பெயர் கிடைத்ததில் அவனுக்கும் பாதி பாரம் இறங்கியிருந்தது. சுடலைமணி உலகம்மாள் பக்கம் திரும்பி, “உங்களுக்கு ஏதும் செய்யுதா டீச்சர்? கண்ணெல்லாம் உள்ள போயிருக்கே,” என்றார்.

“எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்,” என்றாள் அவள்.

நடுவகத் திருத்தத்துக்கு மூலமாகப் பூமியில் மனிதர்களுக்கு எழுதியிருந்த மருந்தையே உசாவி சொன்னது; அது வீட்டு அச்சுப்பொறியிலேயே அடிக்கக்கூடியதுதான். இன்னதை அடி என்று சொல்ல இத்தனை நாள் ஆளில்லை, அவ்வளவே. முதலில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பிரம்மநாயகம் சோர்ந்து போய், இதுவும் வீண்தான் என்று முனகினான். உசாவி சொல்லைத் தட்டாமல் அவளைத் தினமும் வெளிச்சக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப் போவதை மட்டும் அவன் நிறுத்தவில்லை. பிறகு ஒரு நாள் ரசத்தில் உப்புக் குறைவு என்று செல்லக்கனி சொன்னாள். உலகம்மாள் அடுக்களைக்குள் போய் முகத்தைச் சேலையில் புதைத்துக்கொண்டு அழுதாள். ருசி தெரிந்த பிறகு தூக்கம் வந்தது. தூக்கம் வந்த பிறகு சர்க்கரை இறங்கியது, முதுகு வலி குறைந்தது. இடையில் தாறுமாறாக ஓடத் தொடங்கியிருந்த கடைசி இதயமும் தாளத்துக்கு வந்தது. மாதக்கணக்கில் ஆயிற்று. ஆனால் ஆயிற்று. ஒரு பாகமும் மாற்றவில்லை.

செய்தி ஊருக்குள் கசிந்தது. யாரும் பழச்சாறு எடுத்துக்கொண்டு பார்க்க வரவில்லை. எதிரே வந்தால் பேச்சை மாற்றினார்கள். ஆனால் பட்டறை வாசலில் வரிசை நிற்க ஆரம்பித்தது. ஆளுக்கொரு வீட்டு இயந்திரத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தார்கள்.

“எங்க வீட்டு மிஷினுக்குப் பசியே எடுக்க மாட்டேங்கு,” என்றாள் ஒரு அம்மா.

“எங்க மிஷினுக்குக் காரணமே இல்லாம அழுக வருது. மாப்பிள்ள வீட்டுக்காரங்களுக்குத் தெரியாமப் பாத்துக் கொடுங்க,” என்றார் ஒருவர்.

சுரங்கத்து மேற்பார்வையாளர் ஒருவர் தன் இயந்திரத்துக்கு விடிய விடியத் தூக்கம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். இயந்திரத்துக்குப் பொய் சொல்ல வராது. “எனக்கு ஒண்ணும் இல்ல. இவர்தான் ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்கிடுதாரு,” என்றது அது. மேற்பார்வையாளர் அதன் வாயைப் பொத்தினார். வரிசையில் நின்றவர்கள் உசாவி சொன்ன மருந்தையெல்லாம் இயந்திரத்தின் பெயரில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு அவர்களே விழுங்கினார்கள்.

ஊரில் பாதி இயந்திரங்களுக்கு நடுவகச் சோர்வு என்று பதிவுப் பலகை காட்டியதும் ஊர்மன்றம் பதறிப்போய்க் கூடியது. இயந்திரங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, அன்று அவற்றின் வேலையையும் மனிதர்களே பார்ப்பது என்று தீர்மானம் கொண்டு வந்தார்கள். கை தட்டினார்கள். உலகம்மாள் எழுந்தாள்.

“மிஷினுக்கு நீங்க என்ன வேணாலும் செய்யுங்க. உறுப்பகத்துல மனசுக்குன்னு ஒரு பிரிவு வேணும். மனுசனுக்கு மனுசன்ங்கிற பேருலயே வைத்தியம் வேணும். இல்லன்னா இந்த ஊர்ல எல்லாரும் பாகம் பாகமாச் சாவாங்க.”

காந்திமதிநாதன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “நோயாளி இருந்தாத்தான டீச்சர் பிரிவு தொறக்க முடியும்? பூமிக்கு நம்ம ஊர் ஆரோக்கிய அறிக்கை வேற போகணும். இங்க இருக்க மனுசங்கள்ல யாருக்கெல்லாம் மனசுல நோய் இருக்கோ, கையத் தூக்கட்டும். எண்ணிக்கிடுவோம்.”

உலகம்மாள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். வரிசையில் பார்த்த முகங்கள் எல்லாம் அங்கே இருந்தன. பசியெடுக்காத அம்மா சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். மேற்பார்வையாளர் கூரையைப் பார்த்தார். ஒரு கைகூட எழவில்லை.

“பட்டறை வாசல்ல நின்னது யாரு? எங்கிட்டயே சொல்லுங்க. என்னத்துக்கு வெக்கம்? ஈரல் மாத்துனா மேளம் கொட்டாத குறையாச் சொல்லிட்டுத் திரியுதீங்கள்லா,” என்று அவள் கத்தினாள். சிலர் தரையைப் பார்த்தார்கள்.

பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. செல்லக்கனி எழுந்து நின்று கையை நன்றாக உயர்த்தியிருந்தாள். பக்கத்தில் பிரம்மநாயகம் தலையைக் குனிந்திருந்தான். ஆனால் அவளை உட்காரச் சொல்லவில்லை.

காந்திமதிநாதன் பலகையைப் பார்த்தார். “அது இயந்திரக் கணக்குல இருக்கு டீச்சர். இயந்திரத்துக்கு வாக்கு கிடையாது. மனுசங்க யாரும் இருக்காங்களா?”

செல்லக்கனி கையை இறக்கவில்லை. அக்காவைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள். “நீ தூக்குக்கா. நீ தூங்கி எத்தன மாசமாச்சுன்னு எனக்குத் தெரியும். மனுசக் கை ஒண்ணு இருந்தாலும் அவங்க எழுதித்தான் ஆகணும்.”

கூட்டம் முழுக்க உலகம்மாளைப் பார்த்தது. அவளிடம் படித்த பிள்ளைகளின் தாய் தகப்பன்மார், அடுத்த மாதம் தலைமையாசிரியை நாற்காலியைத் தரப்போகிற மன்றத்தார், நாளைக்கும் வீதியில் எதிரே வரப்போகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவளுடைய கை சேலைத் தலைப்பை இறுகப் பிடித்திருந்தது. இவளுக்கென்ன வந்தது என்று நினைத்துவிடுவார்களே என்று இருந்தது. மெதுவாக உட்கார்ந்தாள்.

தேரிப்பட்டணத்து மனிதர் எவருக்கும் மனத்தில் ஒரு நோயும் இல்லை என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.